சோப்பு வாசனை அடித்த குழி

இப்போதெல்லாம் என் கடை வாசலில் வண்டிகள் சத்தமில்லாமல் போகின்றன. கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. மூன்று வருடம் காலையிலிருந்து ராத்திரி வரை ‘டொம்’, ‘டொம்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். டீயை வாயருகே கொண்டுபோகும்போது தூரத்தில் லாரி வரும். கை தானாக நின்றுவிடும், காது அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கும். லாரி அது பாட்டுக்குப் போய்விடும். அப்பாடா என்று மீதி டீயைக் குடிப்பேன். இத்தனை மாதமாகியும் இந்த அப்பாடா எனக்கு அலுக்கவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற பக்கம், ஊர் முடிந்தும் முடியாமலும் இருக்கிற தெரு எங்களுடையது. அங்கே எனக்கு வீல் அலைன்மென்ட் கடை. ஒட்டினாற்போல் தகரக் கொட்டகை போட்டு, வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸும் வைத்திருக்கிறேன். தெருக் கோடியில் மாதா கோயில். என் மனைவி பிறந்ததும் இதே தெரு, அவள் அண்ணன், அதாவது என் மச்சான், இருப்பதும் இதே தெரு. அதனால் நான் தப்பு செய்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

கைரேகை பார்க்கிறவர் கையைப் பார்ப்பதுபோல நான் டயரைப் பார்ப்பேன். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வண்டி குழியில் விழுந்து சக்கரத்தின் சாய்வு மாறிவிட்டது என்று அர்த்தம். பக்கவாட்டில் கோலிக்குண்டு அளவுக்குக் கொப்புளம் இருந்தால், ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் டயர் நசுங்கி உள்ளே நூல் அறுந்திருக்கிறது. ஸ்டியரிங்கை விட்டால் வண்டி இடதுபக்கம் ஓடுகிறது என்பார்கள். திருப்பும்போது கடகடவென்று சத்தம் என்பார்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடிந்திருக்கும். “எங்கயும் விடலண்ணே, மெதுவாத்தான் வந்தேன்” என்று எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள். மெதுவாக வந்த ரிம் இப்படி முட்டை வடிவத்துக்கு வராது. நான் சுத்தியலை எடுப்பேன்.

இப்படி ஊர் வண்டிகளின் குற்றப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்த என் கடைக்கு நேரெதிரே, சாலையில், ஒரு நாள் நாலைந்து கீறல் தெரிந்தது. கண்மாய் வற்றினால் வண்டல் வெடிக்குமே, அந்த மாதிரி. நான் கண்டுகொள்ளவில்லை. சில மாதத்தில் கீறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. லாரிச் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த வெடிப்பிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் பீச்சியது. அதைக்கூட வேடிக்கைதான் பார்த்தேன். பிறகு ஒரு தட்டு அளவுக்குத் தார் பெயர்ந்தது. தட்டு தாம்பாளமானது, தாம்பாளம் அண்டாவானது. குழியைப் பார்த்து எல்லா வண்டியும் ஒரே இடத்தில் பிரேக் அடித்ததில், பத்தடி முன்னால் அதற்கு ஒரு தங்கையும் பிறந்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தெருவில் கையெழுத்து வாங்கி மனு எழுதினேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். பழைய டயர் ஒன்றைக் குழிக்குள் நட்டு, அதில் வேப்பங்கொப்பைச் செருகி, ஒரு சிவப்புத் துணியையும் கட்டிவிட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் அரை மணி நேரம் சாலை போடுகிற லட்சணத்தைப் பற்றிப் பேசாமல் அனுப்பியதில்லை. இதில் என்னை மிகவும் எரிச்சல்படுத்தியது என் மச்சானின் கிண்டல்தான்.

“மாப்ள, கடைக்கு ஆளு வரணும்னு நீயே தோண்டி வச்சிருக்கயோ?” என்பார், டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது.

நாலு பேரும் சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறும். என் வாசலில் விழுந்த வண்டிக்கு நானே ரிம் தட்டிக் கொடுப்பது எனக்கு மட்டும் சந்தோஷமா என்ன? ஒரு தடவை பாதி டீயோடு எழுந்தே போய்விட்டேன்.

எங்கள் கோயில் திருவிழா மே மாதக் கடைசியில் வரும். ராத்திரி மின்விளக்குத் தேர் வேறு, மறுநாள் பூசை முடிந்து சாயங்காலம் நாலு மணிக்கு வருகிற பகல் சப்பரம் வேறு. பகல் சப்பரத்துக்கு அடியில் நான்கு கார் சக்கரம். அந்தச் சக்கரங்கள் என் பொறுப்பு. பேரிங்கைக் கழற்றி கிரீஸ் வைப்பது, காற்றுப் பார்ப்பது, நட்டு முறுக்குவது எல்லாம் நான்தான். மச்சான் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வெறுங்காலோடு நடந்து வந்து, நிற்க வேண்டிய இடத்தில் முட்டுக்கட்டை போடுவார். சப்பரம் வருவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் வாசலுக்கு எதிரே சாலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கோலம் போடுவார்கள். மாதா வருகிற வழி குளிர்ந்திருக்க வேண்டும். என்னிடம் குடத்துக்குப் பதில் தண்ணீர் பீச்சுகிற வாட்டர் சர்வீஸ் துப்பாக்கி இருந்தது. பேண்டு சத்தம் மூலையில் திரும்பியதும் மோட்டாரைப் போட்டு, கடைக்கு முன்னால் சாலையைப் பளபளவென்று அடித்துவிடுவேன். தெருவிலேயே என் வாசல்தான் சுத்தம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்த வருடத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு குழியை நானே மூடினேன். உடைந்த செங்கல், அதன்மேல் செம்மண், காலால் நன்றாக மிதித்து மட்டம் செய்தேன். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. வழக்கம்போலத் தெருவே தண்ணீர் ஊற்றியது. வழக்கம்போல நானும் அடித்தேன். செம்மண் களியாகிவிட்டது. முன்சக்கரம் அதில் இறங்கியதும் சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாதா தலையிலிருந்த கிரீடம் கழன்று விழுந்தது. கூட்டம் ‘மரியே’ என்று ஒரே குரலில் அலறியது. மச்சான் ஓடியிருக்கலாம். ஓடாமல் கட்டையைக் கொடுத்துத் தாங்கினார். சக்கரம் கட்டையை விட்டு நழுவி அவர் வலது கால் விரல்களில் ஏறி நின்றது.

சுண்டு விரலும் அடுத்த விரலும் நொறுங்கிவிட்டன. கம்பி வைத்துக் கட்டினார்கள். அரையடி தள்ளியிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர். மச்சானுக்கு ஆத்தூர்ப் பக்கம் கொய்யாத் தோட்டம். வரப்பில் நடந்தால்தான் அவருக்குச் சோறு. மூன்று மாதம் அவர் கட்டிலில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, பாத்திரத்தை அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் குழியைப் போடாதவர்களைத் திட்டுவேன். அவரும் சேர்ந்து திட்டுவார். இருவருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

கால் ஊன்றத் தொடங்கிய அன்றே மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார்: “அடுத்த வருசமும் நாந்தான் கட்ட போடுவேன், மாப்ள. வேற எவனயும் விடாத.”

என் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: “சொன்னாக் கேக்க மாட்டாரு. அந்தக் குழிய நீங்க பாத்துக்கங்க. எங்க அண்ணன் காலு மறுபடி அதுல மாட்டுச்சு, நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது.”

அடுத்த பங்குனியில், வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், ஒட்டுப் போடும் ஆட்கள் வந்தார்கள். சின்ன லாரி, தார் டிரம், ஜல்லி, நாலு ஆள். அவர்களுக்கு மேஸ்திரி ஒரு பெண். செம்பட்டிக்காரம்மா. தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, காலில் பெரிய ஷூ. எனக்கு வந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் மோர் வாங்கிக் கொடுத்தேன். அந்தம்மா மோரைக் கீழே வைத்துவிட்டு, குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டு ஒரு பிடி சேற்றை அள்ளினார்.

“அண்ணே, மழ பேஞ்சு எம்புட்டு நாளாச்சு?”

“தை மாசத்துலருந்து ஒரு சொட்டு இல்லம்மா.”

“பெறகு குழி ஏன் ஈரமா இருக்கு?”

அந்தம்மா சேற்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு என் பக்கம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை. நான் கார் கழுவுகிற சோப்பின் வாசனை. அந்த டப்பாவை வாங்கி வருகிறவனே நான்தான்.

கொட்டகையின் தண்ணீர் ஒரு சிமெண்டுக் கால்வாய் வழியாகப் பின்பக்கம் போகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா எழுந்து கொட்டகைக்குள் போய், கால்வாயின் மூடியைப் புரட்டினார். பாதி வழியில் கால்வாய் உடைந்து உள்வாங்கிக் கிடந்தது. பத்துப் பதினைந்து வண்டித் தண்ணீர் தினமும் சத்தமில்லாமல் சாலைக்கு அடியில் போயிருக்கிறது. போதாக்குறைக்குக் காலையில் தூசி அடங்குவதற்கென்று நான் வாசலில் அடிக்கிற தண்ணீர் வேறு.

“மேல தாரு கெட்டியாத்தாண்ணே இருந்திருக்கு. அடியில ஜல்லிக்கு நடுவுல இருக்க மண்ணு ஊறிப்போச்சு. லாரி ஏறுனா அந்தச் சேறு வெடிப்பு வழியா வெளிய வந்துரும். வந்த எடம் பொக்கு. பொக்கு மேல தாரு எத்தன நாளைக்கு நிக்கும்? தொபுக்குனு விழும்.” அந்தம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். “இப்ப நான் ஊத்துனா ரெண்டு மாசத்துல தாரும் போகும், என் பேரும் போகும். மொதல்ல உங்க தண்ணிய நிறுத்துங்க. திருவிழாவுக்கு முன்ன இந்தப் பக்கம் திரும்ப வாரேன்.”

லாரி போய்விட்டது. நான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். வெடிப்பிலிருந்து பீச்சிய கலங்கல் தண்ணீரை நான் எத்தனை நாள் வேடிக்கை பார்த்திருக்கிறேன்! ஊரான் டயரைப் பார்த்து அவன் போன வழியைச் சொல்கிறவனுக்குத் தன் வாசல் தெரியவில்லை. மச்சான் கிண்டலுக்குச் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. நானேதான் தோண்டி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அந்தப் பயம் மனைவியைப் பற்றியும் மச்சானைப் பற்றியும்தான்.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வாட்டர் சர்வீஸை மட்டும் மூடிவைத்தேன், மோட்டார் ரிப்பேர் என்று பொய் சொல்லி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மச்சான் எனக்கு முன் வரிசையில் நின்றார். முழங்கால் போடும் நேரத்தில் எல்லோரும் போட்டார்கள். அவர் விரல் மடங்காமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு, பெஞ்சைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். அதைப் பார்த்த பிறகு என்னால் அடக்க முடியவில்லை. கோயில் வாசலிலேயே அவரையும் மனைவியையும் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சோப்பு வாசனை உட்பட.

மச்சான் என்னையே பார்த்தார். “ஒம் மனுவுக்கு நானும்ல கையெழுத்துப் போட்டேன்” என்றார். விந்தி விந்தி நடந்து போய்விட்டார். என் மனைவி அவர் பின்னாலேயே போனாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இருந்தது, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை.

மூன்று நாள் அவர் டீக்கடைக்கு வரவில்லை. நாலாம் நாள் காலையில் கொட்டகையில் ‘ணங்’ என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மச்சான் கடப்பாரையால் என் கால்வாயை உடைத்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், விடுங்க, கால வச்சுக்கிட்டு…”

“எங் காலு மாப்ள இது. நானே பாத்துக்கிறேன். நீ மம்பட்டிய எடு.”

குரலில் கோபம் இருந்தது. ஆனால் ‘மாப்ள’ இருந்தது. எனக்கு அது போதும். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல இருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து பழைய கால்வாயை எடுத்துவிட்டு, குழாய் பதித்து, கொட்டகைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு உறிஞ்சுகுழி வெட்டினோம். சாலை ஓரமாக ஒரு சின்ன வடிகாலும் எடுத்தோம். தினம் காலையில் அவர் வருவார், தோண்டுவார், திட்டுவார். திட்டு நாளாக நாளாகக் குறைந்து, கடைசியில் உளுந்தவடை எங்கே நன்றாக இருக்கும் என்கிற பேச்சில் வந்து நின்றது. என் தட்டிலும் வெஞ்சனம் வந்தது.

செம்பட்டிக்காரம்மா சொன்னபடி வந்தார். ஈரம் காய்ந்துவிட்டதா என்று மறுபடியும் கையை விட்டுப் பார்த்தார். அவர் வேலை செய்த விதத்தை நான் கடையை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். குழியை அப்படியே நிரப்பவில்லை. சுற்றிலும் பொக்கு இருக்கிற வரைக்கும் வெட்டியெடுத்து, குழியைச் சதுரமாக்கி, அடிமண் கெட்டியாகும்வரை இடித்தார்கள். தூசியை ஒரு பொட்டு விடாமல் கூட்டினார்கள். ஓரமெல்லாம் தாரைத் தடவி, ஜல்லிக் கலவையை இரண்டு தடவையாகப் போட்டு இறுக்கினார்கள். தங்கைக் குழியையும் விடவில்லை. கடைசியில் அந்தம்மா ஒரு நீளப் பலகையை வைத்து வாட்டம் பார்த்தார்.

“வடிகாலப் பாத்து ஒரு விரக்கட சரிச்சிருக்கேன். தண்ணி விழுந்தா ஓடிரும். ஆனாலும் திருவிழா முடியுற வரைக்கும் தண்ணி விசயத்துல அடக்கமா இருங்கண்ணே” என்றார். பகல் சப்பரத்துக்கு வரச்சொல்லி அவரை அழைத்தேன். முருகனைக் கும்பிடுகிறவர், ஆனால் எங்கள் மாதாவுக்கு உப்பும் மிளகும் எறிந்து வேண்டிக்கொள்கிற வழக்கம் அவருக்கும் தெரிந்திருந்தது.

பாக்கி ஒரு வேலை இருந்தது. ஒட்டு இறுகுவதற்குள் தெருவே குடம் குடமாக ஊற்றுமே? நானும் மனைவியும் வீடு வீடாகப் போனோம். மச்சான் கால் நினைவிருந்ததால் யாரும் எரிந்து விழவில்லை. ஆனால் யாரும் உடனே ஒத்துக்கொள்ளவும் இல்லை.

“ஏங்க, புழுதியிலயா மாதா வருவாக?” என்றார் கோடி வீட்டு அக்கா. “வருசத்துக்கு ஒரு நாளு. அதுக்கும் நீங்க கொழாய மூடச் சொல்றீக.”

அரை மணி நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். குடம் கிடையாது. வீட்டுக்கு ஒரு செம்பு. கையால் தெளிப்பது, கோலம் போடுவது. ஊற்றுவது மட்டும் கூடாது. “நல்லா சொன்னீக” என்று என் மனைவி வருகிற வழியில் மெச்சினாள். அவள் என்னை மெச்சிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

திருவிழா வந்தது. நாலு மணி வெயிலில் தெரு முழுக்கக் கோலம். எல்லோரும் செம்போடுதான் நின்றார்கள். கோடி வீட்டு அக்கா தன் செம்பை என்னிடம் தூக்கிக் காட்டிவிட்டே தெளித்தார். என் மனைவி எதிர் வாசலில் நின்றாள். செம்பட்டிக்காரம்மா ஒரு பொட்டலம் உப்பு மிளகோடு கூட்டத்தில் இருந்தார். பேண்டு சத்தம் மூலையில் திரும்பியது. வெடி வெடித்தது. எனக்குப் புல்லரித்தது.

அப்போது நான் என்ன செய்தேன் என்றால், கொட்டகைக்குள் போய் மோட்டாரைப் போட்டு, துப்பாக்கியை எடுத்து, சாலையில் அடித்தேன்.

நினைத்துச் செய்யவில்லை. சத்தியமாக நினைத்துச் செய்யவில்லை. பேண்டு திரும்பினால் கை அதைத்தான் செய்யும், அத்தனை வருடப் பழக்கம். வீடு வீடாகப் போய்ச் செம்பு என்று சொன்ன அதே ஆள், ஒரு தெருவுக்கான தண்ணீரைப் புது ஒட்டின்மேல் பீச்சிக்கொண்டிருந்தேன்.

“ஏங்க! என்னங்க பண்றீக!” என்று என் மனைவி போட்ட கூச்சலில்தான் சுயநினைவு வந்தது. விசையை விட்டேன். அதற்குள் ஒட்டு நனைந்து மினுமினுத்தது. சப்பரம் இருபதடி தூரத்தில். கயிறு பிடித்தவர்கள் வேகத்தில் இருந்தார்கள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், கட்டையோடு, வெறுங்காலில் மச்சான்.

அவர் ஈரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். நிறுத்துங்கள் என்று கத்த நினைத்தேன், அதற்குள் சப்பரம் நெருங்கிவிட்டது. மச்சான் ஒதுங்கவில்லை. கட்டையைச் சக்கரத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நடந்தார்.

நான் சாலையைப் பார்த்தேன். தண்ணீர் நிற்கவில்லை. அந்தம்மா சொன்ன ஒரு விரற்கடைச் சரிவில் அது கோடு கோடாகப் பிரிந்து, கோலத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, வடிகாலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சக்கரம் ஒட்டின்மேல் ஏறியது. உப்பு நெறுநெறுவென்று நசுங்கியது. வேறு சத்தமே இல்லை. பின்சக்கரமும் ஏறி இறங்கியது. மேலே மாதாவின் கிரீடம் அசையக்கூட இல்லை.

என்னைத் தாண்டும்போது மச்சான் திரும்பாமலே சொன்னார்: “மாப்ள, மோட்டார நிப்பாட்டு. கரண்டு வீணாப் போகுது.”

நான் அழுதுவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் அழுதேன். எதிர் வாசலில் என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையை என்னைத் திட்டுகிற மாதிரி ஆட்டினாள். செம்பட்டிக்காரம்மா, “பாத்தீகளாண்ணே, நிக்கல” என்று சொல்லிவிட்டுச் சப்பரத்தோடு போனார்.

கூட்டம் நகர்ந்த பிறகு ஒட்டைப் பார்க்கப் போனேன். ஒரு ஜல்லி பெயரவில்லை. ஈரத்தில் இரண்டு டயர்த் தடம், அதற்குப் பக்கத்திலேயே ஒரு வலது கால் தடம். ஐந்து விரலும் பதிந்திருந்தன, சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி. வெயிலில் அது காய்ந்து மறையும் வரைக்கும், பின்னால் வந்த ஒரு வண்டியையும் அதன்மேல் ஏறவிடாமல், நடுச் சாலையில் நின்றுகொண்டிருந்தேன்.